கஜாவில் நனைந்த 1981 புல்லட்: பிஸ்டன் பேரலுக்குள் பிடித்துக்கொண்டது, இன்ஜினை மாற்றாமல் எடுக்க வழி உண்டா?

முள்ளியாறு எழுதியது:

வணக்கம். திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். தாய்மாமாவின் 1981 மாடல் புல்லட் 350 இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வலது காலில் கியர், இடது காலில் பிரேக் உள்ள பழைய வண்டி. 2014-ல் முழங்கால் போனதும் மாமா அதை மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினார். நிறுத்துவதற்கு முந்தின வாரம்தான் சுத்தம் செய்யவென்று கார்புரேட்டரைக் கழற்றியிருக்கிறார். திரும்ப மாட்டவில்லை. தூசி போகாமல் இருக்க இன்ஜின் வாயில் ஒரு பழைய பனியனைச் சுருட்டித் திணித்துவிட்டு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொட்டகைத் தகரம் பறந்து மூன்று வயல் தள்ளிக் கிடந்தது. வீட்டுக்கே கூரை இல்லாதபோது வண்டியை யார் பார்ப்பது? தை பிறக்கும் வரை அது வெட்டவெளியில்தான் நின்றது. போன மாதம் அந்தப் பனியனைப் பிடித்து இழுத்தேன். பாதிதான் கையோடு வந்தது. மீதியைக் கொக்கி போட்டு எடுத்தேன், செங்கல் நிறத்தில் சேறு மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. மழைத் தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே விட்டிருக்கிறது போல.

கிக்கர் கொஞ்சமும் இறங்கவில்லை. ப்ளக்கைக் கழற்றி அரை டம்ளர் டீசல் ஊற்றிப் பதினைந்து நாள் ஆகிறது. டாப் கியர் போட்டு நானும் தம்பியும் முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தோம். பின் டயர் மண்ணில் கோடு போடுகிறதே தவிர உள்ளே ஒன்றும் அசையவில்லை.

இங்கே இரண்டு மெக்கானிக்குகளைக் கூட்டிவந்து காட்டினேன். ஒருவர் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றிவிட்டுக் கடப்பாரையால் இரண்டு போடு போட்டால் வந்துவிடும் என்கிறார். இன்னொருவர் பழைய இரும்புக் கடையில் வேறு இன்ஜின் வாங்கிப் பூட்டிவிடலாம் என்கிறார். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் இன்ஜின் நம்பரை விட எனக்கு மனசில்லை. மாமாவுக்கும் இல்லை.

என்ன ஊற்றுவது, சூடு காட்டலாமா, ஹெட்டை முதலில் கழற்றவா வேண்டாமா? என்னிடம் ஸ்பேனர் செட், ஒரு ப்ளோ டார்ச், டிராக்டருக்கு வைத்திருக்கும் கிரீஸ் கன் இருக்கின்றன. அவசரம் இல்லை.


பேட்டைவாசி எழுதியது:

பதினைந்து நாள் ஊறியது போதும். ஹெட்டைக் கழற்றிவிட்டு, கட்டையை வைத்து நாலு போடு போடுங்கள். பிஸ்டன் உடைந்தால் உடையட்டும், அது எப்படியும் குப்பைக்குத்தான். போர், பிஸ்டன் எல்லாம் செட்டாகவே சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கிறது. ஒரு பிஸ்டனுக்கு இவ்வளவு யோசனையா?


போரிங் பட்டறை, கோவை எழுதியது:

பேட்டைவாசி சொல்வதில் பாதி சரி. பிஸ்டன் குப்பைக்குத்தான். ஆனால் அதன் மேல் அடிக்கிற அடி பிஸ்டனோடு நிற்காதுங்க. கனெக்டிங் ராடு வழியாகக் கீழே பிக் எண்டுக்கு, அதாவது ராடு சுற்றுகிற கிராங்கோடு சேரும் இடத்துக்குப் போகும். இந்த வண்டியில் அங்கே இருப்பது ரோலர் பேரிங் இல்லை, மிதவை புஷ், உருளை இல்லாத வெறும் உலோக வளையம். அதுவும் பத்து வருடமாக எண்ணெய் காய்ந்து கிடக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக பேரல் போர் போடுகிறேன், அதாவது தேய்ந்த சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்குகிறேன். பிஸ்டனுக்காக அடித்து கிராங்கைக் கெடுத்துக்கொண்டு வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம்.

முள்ளியாறு தம்பி, ஊற்றுவதற்கும் அடிப்பதற்கும் முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

ஒன்று, பிடித்திருப்பது பிஸ்டன்தானா? இடது பக்கம் ஃபுட்ரெஸ்ட்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டு செயின் கேஸ் மூடியைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் ஒரே ஒரு நட்தான். கீழே தட்டு வையுங்கள், ஆயில் கொட்டும். உள்ளே மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சுற்றுகிற ரோட்டர் துருப்பிடித்து, சுற்றாமல் நிற்கிற ஸ்டேட்டரோடு ஒட்டியிருந்தாலும் கிக்கர் இப்படித்தான் கல் மாதிரி நிற்கும். அங்கே இடைவெளி சுத்தமாக இருந்து, நியூட்ரலில் பின் சக்கரமும் தாராளமாகச் சுற்றினால் அப்புறம் பிஸ்டனைச் சந்தேகப்படலாம்.

இரண்டாவது, பிஸ்டன் எங்கே நிற்கிறது? இதை யாரும் கேட்பதில்லை. உச்சியிலோ அடியிலோ நின்றால் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். அப்போது மேலிருந்து எவ்வளவு அடித்தாலும் கிராங்க் சுற்றாது. அடி முழுவதையும் பேரிங்தான் வாங்கும். கிணற்று ராட்டினத்தின் கைப்பிடி உச்சியில் இருக்கும்போது அதை நேரே கீழே அழுத்திப் பாருங்கள், சுற்றுமா? பக்கவாட்டில் இருக்கும்போது ஒரு விரலால் அழுத்தினாலே இறங்கும்.

பனியன் கதையை வைத்து நான் ஒன்று ஊகிக்கிறேன். இன்லெட் வாயில் வந்த தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது என்றால் இன்லெட் வால்வு திறந்திருக்கிறது. அப்படியானால் பிஸ்டன் காற்றை உறிஞ்ச இறங்கிக்கொண்டிருந்த வேளையில் வண்டி நின்றிருக்கிறது. அது நல்ல இடம். ஹெட்டுக்கு மேலே இருக்கும் ராக்கர் மூடி இரண்டையும் கழற்றிப் பார்த்துச் சொல்லுங்கள். இன்லெட் ஸ்பிரிங் அமுங்கியிருக்கிறதா?


டெல்டா டிராக்டர் எழுதியது:

கிரீஸ் கன் இருக்கிறது என்கிறீர்கள், அப்புறம் என்ன கவலை? ப்ளக் துளையில் ஒரு நிப்பிள் பொருத்தி கிரீஸ் அடித்துக்கொண்டே போங்கள். எப்பேர்ப்பட்ட பிஸ்டனும் இறங்கும். பழைய டிராக்டர் பிரேக் சிலிண்டரில் பிடித்துக்கொண்ட பிஸ்டனை இப்படித்தான் எடுத்தோம்.


போரிங் பட்டறை, கோவை எழுதியது:

நல்ல வித்தைதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் செய்ய வேண்டும். புல்லட் 350-ன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90. பிஸ்டன் தலையின் பரப்பு சுமார் 38.5 சதுர செ.மீ. கிரீஸ் கன் ஒரு சதுர செ.மீ.க்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தால் பிஸ்டன் மேல் விழும் பாரம் 3,850 கிலோ. அதே பாரம் ஹெட்டை மேலே தூக்கும். வண்டி ஓடும்போது வெடிப்பில் வரும் அழுத்தம் இதில் பாதிகூட இல்லை. ஹெட்டைப் பிடித்திருக்கும் ஸ்டட்டின் மரை பிய்ந்தால் பிஸ்டனைவிடப் பெரிய தலைவலி. கன்னோ 100-ஓடு நிற்காது, அதைவிடப் பல மடங்கு போகும். கைக்கு ஒன்றும் தெரியாது, பம்பு மாதிரி லேசாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இன்லெட் வால்வு திறந்திருந்தால் கிரீஸ் அந்த வழியாக வெளியே போய்விடும். வால்வைத் திறக்கும் புஷ்ராடுகளை எடுத்து வால்வை மூட வைத்த பிறகுதான் அடிக்க முடியும். எல்லாம் தோற்றால் கடைசியில் பார்க்கலாம். காற்று கம்ப்ரஸரை மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். கிரீஸ் விட்டால் அப்படியே நிற்கும், காற்று விட்டால் குண்டு மாதிரி வெடிக்கும்.


முள்ளியாறு எழுதியது:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது.

செயின் கேஸைத் திறந்தேன். பால் டீ நிறத்தில் ஒரு டம்ளர் கொட்டியது, அங்கேயும் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஆனால் ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே காகிதம் தாராளமாகப் போய் வருகிறது. நியூட்ரலில் சக்கரம் சுற்றுகிறது. ராக்கர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் இன்லெட் ஸ்பிரிங் நன்றாக அமுங்கியிருக்கிறது, எக்ஸாஸ்ட் பக்கம் ராக்கர் கையில் ஆடுகிறது.

பொறுக்க முடியாமல் ஹெட்டையும் கழற்றிவிட்டேன். நட்டுகளுக்கு இரண்டு நாள் எண்ணெய் விட்டு வைத்திருந்தேன். ஒன்றுதான் அடம்பிடித்தது, இறுக்குகிற பக்கம் ஒரு நூல் திருப்பி அப்புறம் தளர்த்தினேன், வந்துவிட்டது.

உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். பேரல் மேல் விளிம்பிலிருந்து பிஸ்டன் தலை வரை ஸ்கேல் வைத்து அளந்தால் 38 மி.மீ. தலை முழுக்கச் செங்கல் பொடி. அதற்கு மேலே சுவரில், வெள்ளம் வடிந்த வீட்டுச் சுவரில் இருக்குமே, அந்த மாதிரி வட்டமாக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே சொரசொரவென்று துரு, மேலே ஓரளவு பளபளப்பு. ஊற்றிய டீசல் அப்படியே நிற்கிறது, ஒரு சொட்டுகூடக் கீழே இறங்கியதாகத் தெரியவில்லை.

ஒரு நண்பர் கோக் ஊற்றச் சொல்கிறார், இன்னொருவர் வினிகர் என்கிறார். ஊற்றலாமா?


போரிங் பட்டறை, கோவை எழுதியது:

கோக்கை நீங்கள் குடியுங்கள். வினிகர் துருவைத் தின்னும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது அலுமினியத்தையும் அரிக்கும், நல்ல இரும்பையும் அரிக்கும். உள்ளே எவ்வளவு போயிற்று என்று நம்மால் பார்க்க முடியாத இடத்தில் அமிலம் வேண்டாம்.

38 மி.மீ. என்றால் நடுப்பாதிக்குச் சற்று மேலே. இதைவிட நல்ல இடம் கேட்டாலும் கிடைக்காது. கிராங்க் கிட்டத்தட்ட பக்கவாட்டில் நிற்கிறது. கீழ்நோக்கித் தள்ளினால் சுற்றும். துரு எல்லாம் பிஸ்டனுக்கு மேலேதான். தண்ணீர் அங்கேதான் தேங்கியிருக்கிறது, கீழே சுவர் நன்றாகத்தான் இருக்க வேண்டும். அதனால் கீழே தள்ளுவதே வழி. மேலே இழுக்க நினைக்காதீர்கள்.

முதலில் டீசலைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, பிஸ்டனுக்கு மேலே உள்ள சுவரை 320 நம்பர் உப்புத்தாளால் கையாலேயே தேயுங்கள். மெஷின் வேண்டாம். பிஸ்டன் ஓரத்தில் சுவரோடு ஒட்டியிருக்கும் துருவைத் தென்னை ஈர்க்கு அல்லது மூங்கில் சீவலால் கிளறி எடுங்கள். ஊசியை வைத்தால் கோடு விழும். இந்த வேலைக்கே ஒரு முழு நாள் போகும், போகட்டும்.

அப்புறம் ஊற்ற வேண்டியது அசிட்டோனும் பவர் ஸ்டீயரிங் ஆயிலும் பாதிப் பாதி. அசிட்டோன் ஃபைபர் வேலை செய்கிற கடையில் கிடைக்கும். இரண்டும் ஒன்றாக நிற்காது, குலுக்கிக் குலுக்கி ஊற்ற வேண்டும். அசிட்டோன் சந்து பொந்தில் நுழையும், நுழையும்போது ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான் அதன் வேலை. துருவைக் கரைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பறந்துவிடும், அதனால் பேரல் மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து வையுங்கள். தினமும் கொஞ்சம் ஊற்றுங்கள்.

அதற்கு முன் கீழே இருக்கும் இன்ஜின் ஆயிலை முழுவதும் வடித்துவிடுங்கள். பவர் ஸ்டீயரிங் ஆயில் சிவப்பாக இருக்கும். தினமும் காலையில் வடிகால் போல்ட்டைத் தளர்த்திப் பாருங்கள். சிவப்பாக ஒரு சொட்டு வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைத் தாண்டி வழி பிறந்துவிட்டது என்று அர்த்தம். அதுவரை சுத்தியலைத் தொடாதீர்கள்.

சூடு பற்றிக் கேட்டீர்கள். இங்கேதான் பலர் தப்புச் செய்கிறார்கள். உங்கள் பேரல் வார்ப்பிரும்பு, பிஸ்டன் அலுமினியம். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு விரியும். இரண்டையும் 100 டிகிரி சூடேற்றினால் 70 மி.மீ. பேரல் சுமார் 0.08 மி.மீ. விரியும், பிஸ்டன் 0.15 மி.மீ. விரியும். ஆக மொத்தமாகச் சூடேற்றினால் பிடி இன்னும் இறுகும்! நான் புதிதாக போர் போடும்போது விடுகிற இடைவெளியே ஏறக்குறைய அந்த 0.08 தான். அதனால் பேரலை வெளியிலிருந்து சீக்கிரமாகச் சூடாக்க வேண்டும், பிஸ்டனைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஐஸ் கட்டி, பிஸ்டன் தலை மேல் வைத்துவிட்டு டார்ச்சைச் சுற்றிச் சுற்றிக் காட்டுங்கள். ஒரே இடத்தில் நிறுத்த வேண்டாம். சூடான பேரல் மேல் தண்ணீர் படக்கூடாது, வெடித்துவிடும். பின்னாளில் வந்த அலுமினியப் பேரல் வண்டி வைத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முக்கியமானது ஒன்று. அசிட்டோன் இருக்கிற இடத்தில் டார்ச் பற்றவைத்தால் உங்கள் புருவம் போகும், கொட்டகையும் போகும். ஊறவைக்கிற நாள் வேறு, சூடு காட்டுகிற நாள் வேறு. முழுவதும் ஒற்றி எடுத்து, ஒரு நாள் காற்றில் விட்டு, வடிகாலையும் திறந்து வைத்து, பாட்டிலை வீட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்த பிறகுதான் நெருப்பு. சரிங்களா?

தள்ளுவதற்கு ஆசாரியிடம் சொல்லிக் கருவேலங்கட்டையில் 68 மி.மீ. விட்டத்துக்கு ஓர் உருளை கடைந்துகொள்ளுங்கள். அடிப்பக்கத்தை நடுவில் கொஞ்சம் குழிவாகச் சீவ வேண்டும். அப்போதுதான் பாரம் பிஸ்டனின் ஓரத்தில் விழும். நடுவில் விழுந்தால் தலை ஓட்டை. கட்டைக்கு மேல் ஒரு தடித்த இரும்புப் பட்டை, அதில் எதிரெதிர் ஸ்டட் இரண்டுக்கும் துளை, மேலே நட். நட்டைக் கால் சுற்று, கால் சுற்றாக இரண்டு பக்கமும் சமமாக இறுக்கி, பாரத்தை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பட்டையின் மேல் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். அடிக்க வேண்டாம், தட்டினால் போதும். ஓர் ஆயிரம் தட்டு தட்டலாம். ஸ்பேனரில் பைப் மாட்டி இறுக்கினீர்கள் என்றால் எனக்குத் தெரியாது.


வடமராட்சி எழுதியது:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் பெற்றோல் கண்ணால் காண்பதே அரிது. சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம், அதை விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவோம். ஹொண்டா ஃபிஃப்ரியும் நைன்ரியும் எல்லாம் அப்படித்தான் ஓடின. புகை சொல்லி வேலை இல்லை. அந்த எஞ்சின்களில் துரு இல்லை, கரிதான் எமன். றிங் மூன்றும் பிஸ்டன் காடிக்குள் கரியோடு இறுகிச் சீமெந்து பூசின மாதிரி இருக்கும்.

பிஸ்டன் வெளியில் வந்த பிறகு றிங்கைக் கழற்ற எங்கட கராஜ்காரர் செய்வது ஒன்றுதான். இரவு முழுக்க மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, காலையில் உடைந்த பழைய றிங் துண்டு ஒன்றால் காடியைச் சுரண்டுவார். வேறு எந்த ஆயுதமும் அந்தக் காடிக்கு அவ்வளவு அளவாகப் பொருந்தாது. தம்பிக்குப் பிறகு உதவும்.


முள்ளியாறு எழுதியது:

பதினோரு நாள் கழித்து வருகிறேன். பிஸ்டன் வெளியே வந்துவிட்டது!

எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன், அண்ணன் சொன்னதில் நான் எங்கே சொதப்பினேன் என்பதையும் சேர்த்து.

சுவரைத் தேய்க்க ஒரு நாள் என்றீர்கள், எனக்கு இரண்டு நாள் ஆனது. விரல் நுனி எல்லாம் துருச் சிவப்பு, சோறு பிசையும்போதே வாசம். அசிட்டோன் தஞ்சாவூரில் வாங்கினேன். மூன்று நாள் வடிகாலில் ஒன்றுமில்லை. நான்காம் நாள் காலை போல்ட்டைத் தளர்த்தினேன், முதலில் கருப்பாக இரண்டு சொட்டு, அப்புறம் குங்குமத் தண்ணீர் மாதிரி ஒரு சொட்டு. தம்பியை எழுப்பிக் காட்டினேன். அவன் இதற்கா எழுப்பினாய் என்று திரும்பிப் படுத்துவிட்டான்.

இன்னும் இரண்டு நாள் ஊறவிட்டு, எல்லாவற்றையும் ஒற்றி எடுத்து, ஒரு நாள் காற்றாட விட்டேன். ஐஸ் மீன்கடையில் வாங்கியது. பையில் ஓட்டை இருந்து கொஞ்சம் தண்ணீர் பிஸ்டன் மேல் ஒழுகிவிட்டது, உடனே துடைத்துவிட்டேன். டார்ச்சைப் பத்து நிமிடம் சுற்றிக் காட்டிவிட்டு, கட்டையையும் பட்டையையும் வைத்து இறுக்கினேன். ஸ்பேனரில் பைப் மாட்டவில்லை, சத்தியம். தட்டினேன். 'ணங் ணங்' என்று பட்டறைக்கல்லில் தட்டுகிற மாதிரி கெட்டியான சத்தம். அன்று முழுக்க அதே சத்தம்தான். மறுநாளும் சூடு, ஐஸ், தட்டு. ஒன்றும் இல்லை. ராத்திரி நட்டை இன்னொரு கால் சுற்று இறுக்கிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

காலையில் வந்து நட்டைத் தொட்டால் விரலாலேயே சுற்றுகிறது. ராத்திரி யாராவது தளர்த்திவிட்டார்களா என்றுதான் முதலில் நினைத்தேன். ஸ்கேல் வைத்து அளந்தேன், 39 மி.மீ. மறுபடி அளந்தேன், 39 தான். நாங்கள் தூங்கும்போது ஓசைப்படாமல் ஒரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது. இப்போது தட்டினால் சத்தமும் மாறிவிட்டது, 'தொப் தொப்' என்று.

அதற்குப் பிறகு நாலாவது கியரில் போட்டு, நான் கட்டையைத் தட்டத் தட்டத் தம்பி பின் சக்கரத்தைப் பிடித்து முன்னோக்கி அழுத்தினான். மதியத்துக்குள் அடி வரைக்கும் போய்விட்டது. ஆனால் திரும்ப மேலே ஏற மறுத்தது. போரிங் அண்ணா அலைபேசியில் இல்லையே, யாரைக் கேட்பது என்று பேரலைக் கழற்றப் பார்த்தோம். அடியில் கட்டையைக் கொடுத்து நெம்பினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக ஒரு தட்டு தட்டினேன், ஃபின் (பேரலைச் சுற்றியுள்ள குளிர்விக்கும் தகடு) ஓரத்தில் பத்து பைசா அளவுக்கு ஒரு சில்லு தெறித்து விழுந்தது. அதுதான் என் சொதப்பல்.

அப்போதுதான் மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து, 'டேப்பெட் மூடிக்குள்ள ஒரு நட்டு இருக்குமே, எடுத்தியா?' என்றார். மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே பேரலைப் பிடித்துக்கொண்டு அந்த நட் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்ததும், சக்கரத்தைச் சுற்றினால் பிஸ்டன் மட்டும் ஏறாமல் பேரலும் அதோடு சேர்ந்து மேலே ஏறியது! பேரலின் அடிக்கு இரண்டு பக்கமும் கட்டை முட்டுக்கொடுத்துவிட்டு, சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினோம். பேரல் கட்டை மேல் நின்றுவிட்டது, பிஸ்டன் கீழ்ப்பக்கமாக உருவிக்கொண்டு வந்தது. கிராங்க் வாயில் துணி அடைத்திருந்தேன். நல்லவேளை, உடைந்த ரிங் துண்டு ஒன்று அதில்தான் விழுந்தது.

பிஸ்டன் தலையைத் துடைத்தால் 20 என்று குத்தியிருக்கிறது. மேல் ரிங் இரண்டு துண்டு, இரண்டாவது காடியிலேயே ஒட்டியிருக்கிறது, ஆயில் ரிங் மட்டும் கையால் சுற்றுகிறது. பேரலில் பிஸ்டன் நின்ற இடத்தில் ஒரு வளையம் மாதிரி தடம், நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. இதை என்ன செய்வது?


பேட்டைவாசி எழுதியது:

சரி, ஒப்புக்கொள்கிறேன். அந்த டேப்பெட் அறை நட் எனக்கும் ஒருமுறை ஆப்பு வைத்திருக்கிறது. என் கதையில் பேரலின் காதே உடைந்தது, அதனால்தான் எனக்குப் புதுப்பேட்டை வழி நன்றாகத் தெரியும். மாமாவுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிடுங்கள்.


போரிங் பட்டறை, கோவை எழுதியது:

அந்த நட்டை நான்தான் முன்பே சொல்லியிருக்க வேண்டும், தம்பி. தினமும் பார்ப்பதால் சொல்ல மறந்துவிட்டது. ஃபின் சில்லைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. ராவி மழுக்கிவிடுங்கள்.

20 என்றால் ஏற்கெனவே ஒருமுறை போர் போட்டாயிற்று, இருபது தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு) பெரிய பிஸ்டன் போட்டிருக்கிறார்கள். நகத்தில் தட்டுகிற தடம் லேசாகத் தேய்க்கிற ஹோனிங் கல்லுக்குப் போகாது. அடுத்தது 40. அதிலும் குழி மிச்சம் இருந்தால் உள்ளே குழாய் மாதிரி ஸ்லீவ் போட்டு ஸ்டாண்டர்டுக்கே கொண்டுவந்துவிடலாம், அதே பேரல் நிற்கும். பேரலை நேரில் அளக்காமல் அளவு சொல்ல மாட்டேன்.

அதற்குள் வேறு இரண்டு வேலை இருக்கிறது. இன்லெட் வால்வு இத்தனை வருடம் திறந்தே நின்றிருக்கிறது. அதன் தண்டு கைடுக்குள் துருப்பிடித்திருக்கும், ஸீட்டிலும் புள்ளி விழுந்திருக்கும். வால்வை வெளியே எடுத்துப் பாருங்கள். அப்புறம் ராடைப் பிடித்து நேர் மேலே கீழே ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால் பரவாயில்லை, மேலும் கீழும் ஆட்டம் கைக்குத் தெரியக்கூடாது. அதற்கு முன்னால் பிக் எண்டில் நல்ல ஆயில் விட்டு, கிராங்க் அறையை இரண்டு மூன்று தடவை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி வடித்துவிடுங்கள். துருப்பொடி ஒரு சிட்டிகை ஆயில் பம்புக்குப் போனாலும் நீங்கள் பட்டது எல்லாம் வீண்.


முள்ளியாறு எழுதியது:

ராடை ஆட்டிப் பார்த்தேன் அண்ணா, மேலும் கீழும் ஒன்றும் தெரியவில்லை. வால்வு தண்டில் நீங்கள் சொன்ன இடத்தில் சரியாக ஓர் அங்குலத்துக்குத் துரு.

அந்த 20-ஐ மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, 'இது மன்னார்குடில போட்டது, அன்னைக்கு முழுக்கப் பட்டறை வாசல்லயே உக்காந்திருந்தேன்' என்றார். பனியனைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் கோவைக்குக் கிளம்பலாம் என்று இருக்கிறேன். பேரலை அரிசிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.


போரிங் பட்டறை, கோவை எழுதியது:

சாக்கு ஈரம் இழுக்கும். உள்ளே ஆயிலைத் தடவி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, அப்புறம் சாக்கில் போடுங்கள். 40 பிஸ்டனை இப்போதே வாங்கிவிடாதீர்கள், பேரலை அளந்த பிறகு வாங்கலாம். பிஸ்டன் கைக்கு வந்து, அதையும் அளந்த பிறகுதான் நான் போர் போடுவேன். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் இந்தப் பக்கம் கரண்ட் இருக்காது.